பதினான்காம் பாத்தி

பிப்ரவரி 11

அன்புள்ள குருவிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் சௌக்கியம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? ஊருக்கெல்லாம் ஊசி போட்ட நர்ஸம்மா தன் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்பதுதான் என் சந்தேகம்.

நீ ஜனவரி 29-இல் எழுதிய கடிதம் பிப்ரவரி 6 காலை பதினொன்றே காலுக்கு வந்து சேர்ந்தது. வழக்கம்போல மூலையில் எண் போட்டு வைத்துவிட்டேன். சிரிக்காதே. அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் உள்வரவுப் பிரிவில் உட்கார்ந்து, வந்த தபாலுக்கெல்லாம் எண்ணும் தேதியும் போட்டவன் கை சும்மா இருக்குமா? வெளியே போகிற தபாலைப் பதிவது எதிர் மேஜைக்காரர் வேலை. அதனால் நான் உனக்கு என்ன எழுதினேன் என்பது எனக்கு ஒரு வாரத்தில் மறந்துவிடும். நீ எழுதியது மறக்காது.

தோட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய பஸ் டிப்போவை இடித்துவிட்டு, அறுபது தாண்டியவர்களுக்கென்று மாநகராட்சி முப்பத்தாறு பாத்திகள் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொன்றும் பன்னிரண்டடிக்கு ஆறடி. புதன்கிழமைதோறும் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு வாரம் கையெழுத்து விழாவிட்டால் பாத்தி காத்திருப்புப் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். உடம்புக்கு முடியாதவர்கள் அதற்குள் விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டால், எத்தனை மாதம் ஆனாலும் பாத்தி அவர்களுடையதுதான். பதிவேடு யார் கையில் இருக்கும் என்று நினைக்கிறாய்? உன் அண்ணன் கையில்தான். கமிட்டித் தலைவி பெரிய டீச்சர், என் கையெழுத்தைப் பார்த்த அன்றே அதை என் தலையில் கட்டிவிட்டார்.

என்னுடையது பதினைந்து. பக்கத்துப் பதினான்கு தையல்காரருடையது. நடுவில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பந்தல். அவர் பக்கமிருந்து பாகல் ஏறும், என் பக்கமிருந்து பீர்க்கை. காய் எந்தப் பக்கம் தொங்குகிறதோ அந்தப் பக்கத்துக்காரருக்குச் சொந்தம். தினம் ஏதாவது ஒரு காய்க்காகச் சண்டை போட்டுக்கொள்வோம். அண்ணி போன பிறகு நான் வாயைத் திறப்பது அந்தப் பந்தலுக்கு அடியில்தான். போன மாதம் எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தார். பை ஒரு சாண் ஆழம். "பேனா, கண்ணாடி, வர்ற தபாலு, எல்லாம் வெக்கணுமே உங்களுக்கு" என்றார்.

ஒரு சேதி. இரண்டு வருஷம் முன்பு என் விலாசம் கொடுத்து உன் பெயரைப் பட்டியலில் எழுதி வைத்தேன் அல்லவா? இப்போது நீ முதல் ஆள். வீடு இருக்கிறது, பின் அறை சும்மா கிடக்கிறது. யோசித்துப் பார்.

உன் அண்ணன்

•

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

குருவி எழுதுகிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நாக்குதான் இல்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி மூன்று கடிதமாக எழுதுகிறேன். எண் போட்டு வைத்தால் மட்டும் வலி போகாது.

நான் முதல் ஆள் என்கிறாய். முப்பத்தாறு பேரும் மண்வெட்டியும் கையுமாகத் திடமாகத்தான் இருப்பார்கள். யார் எப்போது விடுவது, நான் எப்போது வருவது?

ஆனால் உன் பின் அறையை நானும் நினைக்காமல் இல்லை. வீட்டுக்காரர் தன் பையனுக்குக் கல்யாணம் முடிந்ததும் இந்த வீடு வேண்டும் என்கிறார். நான் வந்த வருஷம் வைத்த முருங்கையையும் கறிவேப்பிலையையும் அவர் மருமகள் பறிப்பாள் போலிருக்கிறது. மகள் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். அவள் இருப்பது ஏழாவது மாடி. அங்கே ஒரு துளசிச் செடிக்குக்கூட லிஃப்டில்தான் மண் வர வேண்டும்.

உன்னிடம் வந்தால் மட்டும் என்ன? நீ தோட்டத்துக்குப் போய்விடுவாய், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கணுமா? எனக்கு மண் வேண்டும் அண்ணா. வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன்.

தையல்காரரை விசாரித்ததாகச் சொல். பாகற்காய்க்கு அவர் பக்கம்தான் நான்.

உன் தங்கை,
குருவி

•

மார்ச் 9

அன்புள்ள குருவிக்கு,

ஒத்தடம் கொடுக்கிறேன், திட்டாதே. உன் உடம்பு எப்படி?

மனசு சரியில்லாமல் எழுதுகிறேன். போன வியாழக்கிழமை தையல்காரர் தண்ணீர்க் குழாயைத் தாண்டும்போது கால் இடறி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மறுநாளே ஆபரேஷன். முந்தின நாள் புதன்கிழமைதான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, "இந்த வாரப் பாகல் எல்லாம் உங்க பக்கமே தொங்குது, இது சரியில்ல சார்" என்று சண்டை போட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆள் பாதியாகக் கிடக்கிறார். என்னைக் கண்டதும் வலியைப் பற்றிப் பேசவில்லை. "பாத்தி போயிடாதில்ல?" என்றார். "விடுப்புக் கடுதாசி குடுத்தா போகாது" என்றேன். பையனிடம் சொல்லி, துணி வெட்டுவதற்கு முன் அளவு வரைந்துகொள்ளும் பழுப்புக் காகிதம் கொண்டுவரச் செய்து, மல்லாந்து படுத்தபடியே எழுதிக் கொடுத்தார். எழுத்தெல்லாம் கழுத்து, தோள் அளவு குறித்த மாதிரியே இருக்கிறது. தடித்த காகிதம், நாலாக மடித்தால் அட்டையாக நிற்கிறது. என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். புதன்கிழமை போய் எண் போட்டுப் பெரிய டீச்சரிடம் கொடுத்துவிட வேண்டும்.

இடுப்பெலும்பு முறிந்த எழுபத்தொரு வயசுக்காரர் மறுபடி நடப்பாரா? நீ எத்தனையோ பேரைப் பார்த்திருப்பாய், எழுது.

உன் அண்ணன்

•

மார்ச் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீ கவலையில் சாப்பாட்டை விட்டுவிடாதே.

நடப்பார். ஆனால் நடக்க ஒரு காரணம் வேண்டும். இருபத்தேழு வருஷம் எலும்பு வார்டில் நான் கண்டது அதுதான். ஆபரேஷன் நன்றாக ஆன எத்தனையோ பேர் கட்டிலைவிட்டு எழவில்லை, எழுந்து எங்கே போவது என்று தெரியாமல். ஒரு கிழவர் வாசலில் கட்டிய நாய்க்காகவே மூன்றாம் வாரம் எழுந்து நடந்தார். உன் தையல்காரருக்குப் பாத்தி இருக்கிறது. போகும்போதெல்லாம் அதைச் சொல். பாகல் பூ விட்டதா, எறும்பு வந்ததா, எல்லாம் சொல். மருந்தைவிட அது வேலை செய்யும்.

இங்கே வீட்டுக்காரர் நாள் குறித்துவிட்டார். ஆகஸ்டு கடைசிக்குள் சாவி கொடுக்க வேண்டும். மகளுக்கு மே மாதத்துக்குள் பதில் சொல்லணும், அவளும் அறையைத் தயார் பண்ண வேண்டுமே. நான் தீர்மானித்துவிட்டேன் அண்ணா. அதற்குள் அங்கே ஒரு பாத்தி கிடைத்தால் உன் பின் அறை. இல்லாவிட்டால் ஏழாவது மாடி.

உனக்கு இதில் வருத்தம் வேண்டாம். யாரும் பாத்தியை விட மாட்டார்கள் என்று எனக்கே தெரியும்.

உன் தங்கை,
குருவி

•

ஏப்ரல் 28

அன்புள்ள குருவிக்கு,

நான் நலம். நீ நலமா? பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது, வேலை அதிகம்.

நல்ல சேதி. ஒரு பாத்தி காலியாகி இருக்கிறது. போன சனிக்கிழமை கமிட்டி கூடி உன் பெயருக்கு எழுதிவிட்டார்கள். பதினான்காம் எண். கிழக்குப் பார்த்தது, காலை வெயில் முழுசாக விழும். மண் கறுத்து, நன்றாகப் பக்குவப்பட்டிருக்கிறது. என் பாத்திக்கு அடுத்தது. இதோடு வைத்திருக்கும் படிவத்தில் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

பின் அறைக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஜன்னல் கதவுக்கு என்ன நிறம் வேண்டும் என்று எழுது.

உன் அண்ணன்

•

மே 6

என் அருமை அண்ணனுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மாத்திரையைக்கூட மறந்துவிட்டேன், நீ திட்டலாம். கையெழுத்துப் போட்ட படிவம் இதற்குள் இருக்கிறது. ஜன்னலுக்குப் பச்சை.

மகளிடம் சொல்லிவிட்டேன். "மாமாவுக்காகப் போறியா, மண்ணுக்காகப் போறியா?" என்று கேட்டாள். "ரெண்டும் ஒரே விலாசம்" என்றேன். முருங்கையில் ஒரு போத்து வெட்டி வைத்திருக்கிறேன், ஆனால் ஆறடிப் பாத்தியில் முருங்கை வைத்தால் பெரிய டீச்சர் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். கத்தரியும் கீரையும் போதும். அப்புறம் கொஞ்சம் செவ்வந்தி, அண்ணிக்குப் பிடிக்கும்.

யாருடைய பாத்தி அது, உன் மறுபக்கத்துக்காரருடையதா? எண்ணெல்லாம் எனக்கு நினைவில் நிற்பதில்லை. செத்துப்போனவருடையது என்றால் சொல்லிவிடு. இருபத்தேழு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்கு அதெல்லாம் பயமில்லை. அவர் வைத்த செடி ஏதாவது நின்றால் பிடுங்காமல் வளர்ப்பேன்.

தையல்காரர் எழுந்து நடக்கிறாரா? போன கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உன் பந்தல் சண்டை இல்லாமல் கடிதம் சப்பென்று இருந்தது.

உன் தங்கை,
குருவி

•

மே 19

அன்புள்ள குருவிக்கு,

சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் படிவம் மே 12 காலை பத்து மணிக்கு வந்தது, எண் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளை அடித்தாகிவிட்டது. பச்சை கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது, காய்ந்தால் அடங்கும் என்று பெயின்டர் சொல்கிறார். குழாயடியில் பாசி பிடித்திருந்ததைச் சுரண்டச் சொன்னேன். கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன், காற்று வரும்.

பதினான்கு தையல்காரருடையது. அவருடைய விடுப்புக் கடிதம் தாமதமாக வந்து சேர்ந்தது. ஏப்ரல் 15-க்குள் வந்திருக்க வேண்டும், ஏப்ரல் 18 என்றுதான் பதிவாகியிருக்கிறது. விதி எல்லோருக்கும் ஒன்றுதானே? நீ என் தங்கை என்பதால் கமிட்டி முடிவெடுக்கும்போது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். கைத்தடி வைத்துக்கொண்டு நடக்கிறார். வெள்ளிக்கிழமை தோட்டத்துக்கு வந்தார். பாத்தி ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "கடுதாசி லேட்டாயிடுச்சாமே?" என்றார். "ஆமா" என்றேன். "சரி" என்றார். தன்னுடைய பூவாளியையும் முக்காலியையும் எடுத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார். அவருடைய பொருளுக்கு என்னிடம் அனுமதி கேட்கிறார், பார். முக்காலியைத் தூக்க முடியவில்லை. நான் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போய்க் கொடுத்தேன்.

வெயில் கடுமை. நிறையத் தண்ணீர் குடி.

உன் அண்ணன்

•

மே 30

அண்ணனுக்கு,

நலம்.

உங்கள் கடிதங்களை நான் எண் போட்டு வைப்பதில்லை. ஆனால் தூக்கிப் போட்டதும் இல்லை. மார்ச் 9-ஆம் தேதிக் கடிதத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். பழுப்புக் காகிதம், நாலாக மடித்தது, "என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்" என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. மார்ச் 8 உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஏப்ரல் 18 பதிவாகியிருக்கிறது. நடுவில் நாற்பத்தொரு நாள்.

அந்த நாற்பத்தொரு நாளும் அது எங்கே இருந்தது?

தங்கை

•

ஜூன் 21

அன்புள்ள குருவிக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அறுபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை. இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உடம்பைப் பற்றி என்ன எழுத? நன்றாகத்தான் இருக்கிறது, அதுவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

பையில்தான் இருந்தது. முதல் புதன்கிழமை கொடுக்காததற்கு ஒரு காரணமும் இல்லை. பெரிய டீச்சர் வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரமும் போயிற்று, ஆறு வாரம் இருக்கிறதே என்ற தைரியம். அப்புறம் உன் மார்ச் 20-ஆம் தேதிக் கடிதம் வந்தது. ஒரு பாத்தி கிடைத்தால் பின் அறை, இல்லாவிட்டால் ஏழாவது மாடி. அதையும் மடித்து அதே பையில் வைத்தேன். கை வைத்தபோது இரண்டு கடிதமும் ஒன்றாகத் தட்டுப்பட்டன. அப்போதுதான் அந்தக் கேடுகெட்ட நினைப்பு வந்தது. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. செய்யாமல் இருந்தால் போதும்.

சட்டை துவைக்கிற அன்று இரண்டையும் எடுத்து அலமாரியில் வைப்பேன். காய்ந்ததும் திரும்பப் பையில் வைப்பேன். பைத்தியக்காரத்தனம், இல்லையா? கிழித்துப் போடவும் கை வரவில்லை. கொடுக்கவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீ சொன்னபடியே பாகல் பூத்ததைச் சொன்னேன், எறும்பு வந்ததைச் சொன்னேன். அவர் பாத்திக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். "ஊத்துறீங்களா சார்?" என்று கேட்பார். "உங்களுக்காக ஊத்தாம யாருக்கு ஊத்தப்போறேன்" என்பேன். உனக்காக ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்டு, அந்தப் பாத்தியைப் பார்ப்பதற்காக எழுந்து நடந்து பழகினார். நடந்து வந்து பார்த்தபோது அது உன்னுடையதாகி இருந்தது.

ஏப்ரல் 18 அன்று கொட்டகையில் உட்கார்ந்து எண் போட்டேன். முந்தின தேதி போட்டிருந்தால் அவர் பாத்தி அன்றே பிழைத்திருக்கும். உன் அண்ணன் யார்? முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு தேதியையும் மாற்றிப் போடாதவன்! உள்ளபடி 18 என்று போட்டேன். கமிட்டியில் பெரிய டீச்சர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "எழுதினது மார்ச் எட்டு, வந்தது ஏப்ரல் பதினெட்டு. பாவம், மனுஷன் எழுதி வெச்சிட்டு அனுப்ப மறந்துட்டார் போல" என்றார். நான் வாய் திறக்கவில்லை. அதன் பிறகுதான் நாகரிகமாக எழுந்து வெளியே போனேன்.

உனக்கு மார்ச் 9-ஆம் தேதி எழுதியதை நான் மறந்தே போயிருந்தேன். வந்ததை மட்டும் பதிந்தவனுக்கு, அனுப்பியது எங்கே நினைவிருக்கும்?

போன திங்கட்கிழமை தையல்காரர் வீட்டுக்குப் போனேன். முக்காலியில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியைக் கீழே வைக்கவில்லை. நான் முடித்ததும், "தெரியும் சார்" என்றார்.

"எப்படி?"

"பை நான் தச்சது. வெள்ளத் துணி, உள்ள பழுப்புக் காயிதம். ரெண்டாம் ஞாயித்துக்கிழமையே பாத்தேன். மூணாம் வாரமும் இருந்துச்சு. நாலாம் வாரமும்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்டா குடுத்திருப்பீங்க. கேக்காம குடுக்கிறீங்களான்னு படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு அங்க வேற என்ன வேலை?"

உட்காரச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. "தங்கச்சி வர்றாங்கன்னு சொன்னீங்களே, நல்லபடியா வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்து நேரே பெரிய டீச்சரிடம் போய் அதையே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். பதிவேட்டை வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் பாத்தி இப்போது உன் பெயரில் இருக்கிறது, நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நீயாக விட்டுக்கொடுத்து எழுதினால்தான் அவருக்குத் திரும்பக் கொடுக்க முடியுமாம். கமிட்டியே பிடுங்க விதி இல்லை என்கிறார்.

என்ன எழுதச் சொல்லி உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

உன் அண்ணன்

•

ஜூலை 2

அண்ணனுக்கு,

நான் நலம். முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பதினான்காம் பாத்தியை விட்டுக்கொடுப்பதாக எழுதிய கடிதம் இதற்குள் இருக்கிறது. தோட்டத்து விலாசம் படிவத்தில் இருந்தது, பெரிய டீச்சருக்கு நேராகவே தபாலில் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. உங்கள் கையில்தான் கொடுக்கிறேன். உங்கள் பையில் வைத்து நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

மகளிடம் ஏழாவது மாடிக்கே வருவதாகச் சொல்லிவிட்டேன். ஏன் மனசு மாறியது என்று கேட்டாள். பாத்தி இல்லையாம் என்றேன். மாமாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. என்னால் ஒரு மனுஷன் படுத்த படுக்கையில் உங்கள் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணா. நான் கேட்ட மண் அது. எனக்கும் தூக்கம் வரவில்லை.

தங்கை

•

ஜூலை 9

அன்புள்ள குருவிக்கு,

உன் கடிதம் ஜூலை 8 காலை பத்து இருபதுக்கு வந்தது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையில் வைத்து, பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே போனேன். பத்து ஐம்பத்தைந்துக்குப் பெரிய டீச்சர் கையில் கொடுத்தேன். முப்பத்தைந்து நிமிஷம் என் பையில் இருந்தது. அதைக் கொடுத்தால் நீ வர மாட்டாய் என்பது வழி நெடுக எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பெருமைக்காக எழுதவில்லை. உனக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவன் நான்.

பதிவேடு இனி என்னிடம் இல்லை. பெரிய டீச்சரே எண் போட்டார். அவருக்கு ஏழுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதுகிற கை. உன் பெயர் பட்டியலில் கடைசிக்குப் போய்விட்டது. இருபத்து மூன்றாவது.

நேற்று மாலையே தையல்காரர் வந்தார். பையன் முக்காலியைத் தூக்கி வந்து போட்டான். உட்கார்ந்தபடியே களை எடுத்தார். நான் போய் நின்றேன். "வாங்க சார்" என்றார். நல்லபடியாகத்தான் பேசினார், மழையைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும். போகும் முன் பையனை விட்டுப் பந்தலிலிருந்து தன் பாகல்கொடியைப் பிரித்தெடுத்து, தன் பாத்தியின் அந்தக் கோடியில் தனியாக நாலு குச்சி நட்டு ஏற்றிவிட்டார். "உங்க பீர்க்கைக்கு எடம் தாராளமா இருக்கட்டும்" என்றார். கொடி ஒடியாமல் ஒவ்வொரு சுருளாகப் பிரித்தான் அந்தப் பையன். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று காலை பந்தலில் மூன்று பீர்க்கங்காய். எல்லாம் என் பக்கம்தான். பறிக்க மனசு வரவில்லை.

பின் அறை ஜன்னல் பச்சை இன்னும் அடங்கவில்லை. பூட்டி வைத்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் விசாரிப்பு.

உன் அண்ணன்

•

ஜூலை 25

அன்புள்ள அண்ணனுக்கு,

குருவி எழுதுகிறேன். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது, இப்போது இறங்கிவிட்டது. ஒத்தடத்தை நிறுத்தியிருப்பாய், எனக்குத் தெரியும். இன்றே ஆரம்பி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் உன்னைத் திட்டினேன். ஐந்தாம் நாள் திட்டுவதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. நீ செய்தது தப்புதான் அண்ணா, நான் அதைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை. நீ தனியாக இருக்கிறாய் என்பது தெரிந்தும், மண் இருந்தால்தான் வருவேன் என்று உன்னிடம் பேரம் பேசியவள் நான். அது என் பங்கு.

சாவியைக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போவதற்கு முன் பத்து நாள் அங்கே வருகிறேன். பத்து நாள்தான். ஆகஸ்டு 20, காலை வண்டி. பின் அறையைத் திறந்து வை, அந்தப் பச்சை எவ்வளவு தூக்கல் என்று பார்க்கிறேன். ஆனால் ஸ்டேஷனிலிருந்து முதலில் தையல்காரர் வீட்டுக்குத்தான் போகிறோம். அவர் என்ன சொன்னாலும் நீ பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். அவர் உன்னோடு மறுபடி காய்க்குச் சண்டை போடுவார் என்று நான் நம்பவில்லை. போடாவிட்டாலும் நீ புதன்கிழமைதோறும் போய்க் கையெழுத்துப் போடு.

ஸ்டேஷனுக்கு அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா. இறங்கியதும் பையில் கையை விட்டுப் பார்ப்பேன்.

உன் தங்கை,
குருவி